நுண்கலையில் முதுநிலைப் படிப்பு: ஸ்டுடியோவும் கோட்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம், சிற்பம், அச்சுக்கலை ஆகிய துறைகளில் இளநிலைப் படிப்பை முடிக்கும் நிலையில் இருப்பவர்களும், வேறு துறையிலிருந்து கலைக்கு வர நினைப்பவர்களும், அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுநிலை), எம்.வி.ஏ. (காட்சிக்கலை முதுநிலை) பட்டங்களைப் பற்றியே முதன்மையாகப் பேசுகிறோம். பிற நாடுகளைப் பற்றிய செய்திகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வருகின்றன.

எம்.எஃப்.ஏ. என்பது நுண்கலை இளநிலைப் பட்டமான பி.எஃப்.ஏ.வின் தொடர்ச்சிதானா, வேறு வகைப் படிப்பா?

பட்டியலில் பார்த்தால் தொடர்ச்சிதான்: நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ.வுக்குப் பிறகு இரண்டு ஆண்டு, அதாவது நான்கு பருவம். ஆனால் உள்ளே நடப்பது வேறு. இளநிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்கிறார். மாடலை உட்காரவைத்து முகம் வரையச் சொல்வார்கள், அசையாப் பொருள்களை அடுக்கிவைத்துத் தீட்டச் சொல்வார்கள், களிமண்ணில் தலை உருவம் செய்யச் சொல்வார்கள். மாணவர் அதைச் செய்து மதிப்பெண் பெறுகிறார். முதுநிலையில் அப்படிப் பயிற்சி கொடுப்பவர் யாரும் இல்லை. ஓர் இடமும், ஒரு சாவியும், இரண்டு ஆண்டு அவகாசமும் கொடுத்துவிட்டு, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். முதல் பருவத்தில் பெரும்பாலான மாணவர்கள், தங்களுக்குப் பாராட்டு வாங்கித் தந்த இளநிலை இறுதியாண்டுப் படைப்பையே அளவை மட்டும் பெரிதாக்கித் திரும்பச் செய்வதை எந்தக் கல்லூரியிலும் பார்க்கலாம். அது இயல்பு, இரண்டாம் பருவத்திலும் அதுவே தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் எப்படிப் பங்கிடப்படுகின்றன?

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு என்றாலும் சட்டகம் ஏறக்குறைய ஒன்றுதான். நேரத்திலும் மதிப்பெண்ணிலும் பெரும்பகுதி ஸ்டுடியோ வேலைக்குப் போகிறது. கலை வரலாறும் அழகியலும் வகுப்பாகவும் கருத்தரங்கமாகவும் நடைபெறுகின்றன. பருவ இறுதியில் வேலைகளைச் சுவரில் மாட்டி, தரையில் வைத்து, துறை ஆசிரியர்களும் வெளித் தேர்வாளரும் பார்த்துக் கேள்வி கேட்கும் மதிப்பீடு உண்டு. மாணவர்கள் இதை ‘டிஸ்ப்ளே’ என்றோ ‘ஜூரி’ என்றோ சொல்வார்கள். இரண்டாம் ஆண்டில் ஓர் ஆய்வேடும் இறுதிக் கண்காட்சியும் சேர்ந்துகொள்கின்றன.

ஸ்டுடியோவில் ஆசிரியர் என்னதான் கற்பிக்கிறார்?

கற்பிப்பது என்ற சொல்லுக்கு நாம் வழக்கமாகக் கொள்ளும் பொருளில் அவர் அதிகம் கற்பிப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து, படைப்பின் முன்னால் நின்று பேசுகிறார். இதைத் தவிர மாதம் ஒருமுறை, வகுப்பு முழுவதும் கூடி ஒருவருடைய வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு விவாதிக்கும் விமர்சன அமர்வும் பல துறைகளில் நடைபெறுகிறது. முதுநிலைப் படிப்பின் மையம் அந்த அமர்வுதான் என்பது என் கருத்து.

அங்கே நடப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தன் ஊர்க் கண்மாய் வற்றிப்போனதைப் பற்றி ஒரு மாணவர் ஆறடிக் கேன்வாஸில் தீட்டுகிறார் என்று கொள்வோம். வெடித்துப் பிளந்த வண்டல் தரை, அடிவானத்தில் ஒற்றைக் கருவேலமரம், மாலை வெளிச்சம். தன் குறிப்பில் அவர், இது வறட்சிக்கும் நீர்நிலை ஆக்கிரமிப்புக்கும் எதிரான படைப்பு என்று எழுதியிருக்கிறார். அமர்வில் ஒருவர் கேட்கிறார்: “இந்த விரிசல்களை ஏன் இவ்வளவு அழகாகத் தீட்டியிருக்கிறீர்கள்? இந்தப் படத்தைப் பார்க்கிறவருக்குக் கோபம் வருமா, வரவேற்பறையில் மாட்டத் தோன்றுமா?” இன்னொருவர், கண்மாயை ஆக்கிரமித்தவர்கள் யாரும் படத்தில் இல்லையே என்கிறார். மூன்றாமவர், மடையும் கலுங்கும் எங்கே, மனிதர் வெட்டிப் பராமரித்த ஒரு கட்டுமானத்தை இயற்கைக் காட்சியாக்கிவிட்டீர்களே என்கிறார். இந்த மூன்று கேள்வியும் வண்ணத்தைப் பற்றியவையோ கோட்டைப் பற்றியவையோ அல்ல. ஆனால் அந்த மாணவர் மறுநாள் ஸ்டுடியோவுக்குத் திரும்பும்போது எடுக்கும் முடிவுகள் எல்லாம் வண்ணத்திலும் கோட்டிலும்தான் இருக்கும்: அடிவானத்தை நீக்குவதா, மேலிருந்து பார்க்கும் வரைபடம்போல் ஆக்குவதா, எண்ணெய் வண்ணத்தை விட்டுவிட்டுக் கண்மாய் மண்ணையே எடுத்துப் பசையில் குழைத்துப் பூசுவதா, கிராம நிர்வாக அலுவலகத்தின் புலப்படத்தை நகலெடுத்து அதன்மேல் வரைவதா?

கையும் கருத்தும் ஒன்றையொன்று சோதிப்பது என்று நாம் சொல்வது இதைத்தான். எழுதிய குறிப்பு ஒன்று சொல்லும், படம் வேறொன்று சொல்லும். அந்த இடைவெளி படைத்தவர் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. அதைக் காட்டிக்கொடுப்பதற்காகவே அமர்வு இருக்கிறது.

ஓவியருக்குக் கோட்பாடு எதற்கு? பார்த்தால் புரிய வேண்டியதைப் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல கைத்திறன் உள்ளவர்கள். அதனால் மரியாதையோடு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, கோட்பாடு வெளியிலிருந்து அண்மையில் இறக்குமதியான சரக்கு அல்ல. விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் ஓவியம் பற்றிய பகுதிக்கு முன்னால் ஓர் உரையாடல் வருகிறது. படிமம் (தெய்வ உருவம்) செய்யக் கற்றுத்தருமாறு வச்சிரன் என்ற மன்னன் மார்க்கண்டேயரிடம் கேட்கிறான். ஓவிய இலக்கணம் தெரியாமல் படிம இலக்கணம் புரியாது என்கிறார் அவர். ஓவியத்தைக் கற்பியுங்கள் என்றால், ஆடல் தெரியாமல் ஓவியம் புரியாது என்கிறார். ஆடலுக்குக் கருவியிசையும், அதற்கு வாய்ப்பாட்டும் தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசை நீள்கிறது. உளியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் இவ்வளவையும் கேட்ட மரபு ஒன்று இங்கே இருந்திருக்கிறது.

இரண்டாவதாக, சென்னைக் கலைக் கல்லூரியின் சொந்த வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் 1850இல் தொடங்கிய அந்தப் பள்ளி, நெடுங்காலம் கைத்தொழிலையும் வடிவமைப்பையும் முதன்மையாகக் கற்பித்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமையேற்ற பிறகு ஓவியமும் சிற்பமும் மையத்துக்கு வந்தன. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. 1957இல் அவரைத் தொடர்ந்து முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில் கல்லூரியில் ஓயாமல் எழுந்த கேள்வி, நவீனமாகவும் இருந்து இந்த மண்ணுக்குரியதாகவும் இருக்கும் ஓவியம் எப்படி இருக்கும் என்பது. அது முழுக்க முழுக்கக் கோட்பாட்டுக் கேள்வி. அதற்குப் பணிக்கர் தந்த விடை, 1963 முதல் அவர் தீட்டிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை: ஜாதகக் கட்டங்களும், வாசிக்க முடியாத எழுத்துகளும், சிறு உருவங்களும் நிறைந்த பரப்புகள். அந்தக் கேள்வியை எழுப்பாத ஒருவர் அந்தக் கோடுகளுக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கோட்பாட்டுச் சொற்களைப் பூசி மெழுகி, உயிரில்லாத வேலைக்குக் காவல் நிறுத்தும் பழக்கம் இப்போது முதுநிலை மாணவர்களிடையே பெருகியிருக்கிறது. சுவரில் மூன்று புகைப்படம், பக்கத்தில் இரண்டு பக்கம் விளக்கம். விளக்கத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால் புகைப்படம் எதுவும் பேசவில்லை என்றால், அங்கே கோட்பாடு தன் வேலையைச் செய்யவில்லை.

கோட்பாட்டு வகுப்பில் எவையெல்லாம் வரும்?

இந்தியக் கலை வரலாறு, மேலைக் கலை வரலாறு, நவீன இந்தியக் கலை, அழகியல் ஆகிய நான்கும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. அழகியலில் பரதருடைய ரசக் கொள்கை (சுவைக் கொள்கை), ஆனந்தவர்த்தனரின் த்வனி (குறிப்புப்பொருள்) கொள்கை, ஓவியத்தின் ஆறு அங்கங்கள் ஆகியவையும், மேலை மரபிலிருந்து பிளேட்டோ, அரிஸ்டாட்டில், காண்ட் ஆகியோரும் இடம்பெறுவார்கள். கொழும்பில் 1877இல் பிறந்து, இந்தியக் கலையை உலகம் பார்க்கும் விதத்தை மாற்றிய ஆனந்த குமாரசுவாமியைப் படிக்காமல் எவரும் வெளியே வர முடியாது. அவருடன் முரண்படுவதற்கும் இன்று நிறைய இருக்கிறது. நல்ல ஆசிரியர் அதையும் சேர்த்தே நடத்துவார். பெண்ணியம், சாதி, காலனிய வரலாறு, அருங்காட்சியகம், புகைப்படம் ஆகியவற்றைப் பற்றிய அண்மைக் கால எழுத்துகள் விருப்பப் பாடங்களாகவோ கருத்தரங்கங்களாகவோ வரும்.

குறை ஒன்று உண்டு: தமிழ் மரபின் அழகியல் எல்லாப் பாடத்திட்டங்களிலும் இடம்பெறுவதில்லை. தமிழில் அழகியல் சிந்தனை என்று எடுத்துக்கொண்டால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளையும் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளையும்) அவை பிறக்கும் களன்களையும் அது வகுத்துச் சொல்கிறது; ரசக் கொள்கையோடு ஒப்பிட்டுப் படிக்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. பாடத்திட்டத்தில் இல்லையென்றால் நீங்களே கருத்தரங்கத் தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

கோட்பாட்டில் நேரம் போனால் கைத்திறன் குறைந்துவிடாதா?

அச்சுக்கலைப் பட்டறையில் ஒரு வாரம் இருந்து பார்த்தவர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. துத்தநாகத் தகடு ஒன்றை எடுத்து, ஓரங்களை அரத்தால் சரித்து, மேற்பரப்பை மெருகேற்றி, தார்க்கலவையான தடுப்புப் பூச்சைப் பூசி, உலர்ந்த பின் ஊசியால் கீறி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இறக்குகிறீர்கள். கீறிய கோட்டில் குமிழ்கள் எழும். அவற்றை இறகால் தடவி அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கோடு ஒழுங்கில்லாமல் அரிக்கும். சாயல் வேண்டுமானால் குங்கிலியத் தூளைத் தகட்டின்மேல் படியவைத்து, அடியில் சூடேற்றி ஒட்டவைத்து, மறுபடியும் அமிலம். பிறகு மையைத் தேய்த்து நிரப்பி, முரட்டு மஸ்லினால் துடைத்து, கடைசியாக உள்ளங்கையால் ஒற்றி, நனைத்து வைத்த காகிதத்தைத் தகட்டின்மேல் விரித்து, கம்பளியைப் போர்த்தி அழுத்தப் பொறிக்குள் உருட்டினால் ஒரு படி கிடைக்கும். அந்தப் படியைப் பார்த்துத்தான் அடுத்த முறை எந்தப் பகுதியை எத்தனை நிமிடம் அமிலத்தில் விடுவது என்று முடிவு செய்ய முடியும். காற்றோட்டமும் கையுறையும் இல்லாத பட்டறையில் அமிலத்தைத் தொடாதீர்கள். இதில் வீரம் காட்ட எதுவும் இல்லை.

இந்த வேலை நடக்கும்போதே கேள்விகள் தாமாக எழும். பத்துப் படிகள் எடுத்து ஒவ்வொன்றின் கீழும் 1/10, 2/10 என்று பென்சிலால் எண்ணிடுகிறோம். ஏன் பத்தோடு நிறுத்துகிறோம்? நூறு எடுக்கத் தகடு தாங்கும் என்றால், பத்து என்ற வரம்பு யாருக்காக? அச்சு என்பது நாள்காட்டியாகவும் தீப்பெட்டி லேபிளாகவும் சாமி படமாகவும் வீட்டுக்கு வீடு போனபோது, இந்த எண்ணிடும் வழக்கம் எதைக் காப்பாற்றுகிறது? இவை புத்தகத்திலிருந்து பட்டறைக்கு வந்த கேள்விகள் அல்ல. பட்டறையில் பிறந்து, விடை தேடிப் புத்தகத்துக்குப் போகிறவை.

ஆய்வேட்டுக்குத் தலைப்பை எப்படித் தேர்வு செய்வது? என் படைப்பைப் பற்றியே எழுதலாமா?

சில துறைகள் அதை அனுமதிக்கின்றன, சில துறைகள் வேறொரு பொருளைக் கேட்கின்றன. அனுமதி இருந்தாலும் தன் படைப்பை மட்டும் பற்றி எழுதுவது இளம் மாணவருக்கு நல்லதல்ல. மூன்றாவது பக்கத்திலேயே சொல்ல ஒன்றும் இல்லாமல் போய், நான், எனது, எனக்குள் என்று சுற்றத் தொடங்கிவிடும். ஸ்டுடியோவில் உங்களை உறுத்தும் சிக்கலை வேறொருவர் எப்படிக் கையாண்டார் என்பதைத் தலைப்பாக்குவது பயன் தரும்.

எடுத்துக்காட்டாக, அடுக்கடுக்காகத் தீட்டி, சுரண்டி, மறுபடியும் தீட்டும் ஓவியர் ஒருவருக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்று ஓவியங்களைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறை மேலடுக்கைப் பிரித்தெடுத்து, வேறு தளத்தில் ஒட்டிக் காட்சிக்கு வைத்தது. இதிலிருந்து எழும் கேள்விகள் வளமானவை: அடியில் இருப்பதைப் பார்ப்பதற்காக மேலே இருப்பதை அகற்றலாமா, நாயக்கர் ஓவியரின் வேலைக்கு மதிப்பு குறைவு என்று யார் முடிவு செய்தது, எந்த அடுக்கை அந்தச் சுவரின் ஓவியம் என்று சொல்வது? ஆய்வேடு எழுதி முடிக்கும்போது உங்கள் கேன்வாஸில் நீங்கள் சுரண்டும் விதமும் மாறியிருக்கும்.

தவிர்க்க வேண்டிய தலைப்புகளையும் சொல்லிவிடலாம். ‘இந்தியக் கலையில் பெண்கள்’, ‘கலையும் சமூகமும்’, ‘நவீன ஓவியத்தில் வண்ணம்’ போன்றவற்றை எந்த நூலகமும் தாங்காது.

செயல்வழி ஆய்வு என்று சொல்கிறார்களே, அது என்ன?

படைப்பை ஆய்வின் விளைவாக மட்டும் கருதாமல், ஆய்வைச் செய்யும் வழியாகவே அதைக் கொள்வது. வரையறையைவிட ஓர் எடுத்துக்காட்டு தெளிவாக விளக்கும். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், தில்லிப் பல்கலைக்கழகத்தில் நுண்கலையில் முதுநிலை முடித்து, பின்னர் முனைவர் பட்டமும் பெற்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். போரால் வீடிழந்த தமிழரையும் முஸ்லிம்களையும் அவர் சந்தித்து, தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அந்தக் கைவரைவும், கட்டடக்கலைஞர் அதை அளவுப்படமாக மாற்றி வரைந்ததும், அந்த வீட்டைப் பற்றிய நினைவுக்கு எதிர்வினையாகச் சனாதனன் தாமே வரைந்த சித்திரமும் அடுத்தடுத்து வருமாறு அமைந்த ‘முழுமையடையாத தோம்பு’ என்ற படைப்பு 2011இல் நூலாக வெளியானது. தோம்பு என்பது காலனிய ஆட்சியாளர் வைத்திருந்த நிலப்பதிவேடு. அரசின் பதிவேட்டில் இல்லாத ஒன்றைப் பதிவேட்டின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு பதிந்திருக்கிறார்.

இங்கே எது ஆய்வு, எது ஓவியம் என்று வெட்டிப் பிரிக்க முடியாது. கிணறு எந்த மூலையில் இருந்தது என்பதில் ஒருவர் தயங்கிய இடத்தில் கோடும் தயங்குகிறது. அளவுப்படத்தில் அந்தத் தயக்கம் மறைந்துவிடுகிறது. ஒரு கட்டுரை பல பக்கங்களில் விளக்க வேண்டியதை அடுத்தடுத்த இரண்டு தாள்கள் காட்டிவிடுகின்றன.

எங்கே படிப்பது நல்லது?

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, தமிழ்நாட்டு மாணவருக்கு முதலில் நினைவுக்கு வருவது. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, சுடுமண் கலை எனத் துறைகள் இருக்கின்றன. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் அது இயங்குகிறது. கோட்டோவியத்தின் பலம் அங்கே இன்னும் குறையவில்லை. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது.

பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலம், சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்தியாவில் கலைக் கல்வியைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்த முன்னோடி, 1950இல் தொடங்கியது. என்.எஸ். பேந்திரே, சங்கோ சௌத்ரி, கே.ஜி. சுப்ரமணியன், குலாம் முகம்மது ஷேக் ஆகியோர் அங்கே கற்பித்தவர்கள். கலை வரலாறும் அழகியலும் தனித் துறையாக ஸ்டுடியோக்களுக்குப் பக்கத்திலேயே இருப்பது அதன் தனிச்சிறப்பு. ஓவிய மாணவரும் கலை வரலாற்று மாணவரும் ஒரே தேநீர்க் கடையில் சண்டை போடுவார்கள். பாதிப் படிப்பு அங்கே நடக்கும். அங்குப் பட்டத்தின் பெயர் எம்.வி.ஏ.

சாந்திநிகேதனின் கலாபவனம் 1919இல் தொடங்கியது. நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகிய மூவரும் வளர்த்த இடம். அங்கே வளாகமே பாடநூல்: ராம்கிங்கர் சிமெண்டும் செம்மண் சரளையும் கலந்து 1938இல் செய்த ‘சந்தால் குடும்பம்’ மரத்தடியில் நிற்கிறது; இந்தி பவனத்தின் சுவர்களில் வினோத் பிகாரி தீட்டிய பக்தி இயக்க அடியார்கள் இருக்கிறார்கள். பொதுப்பணத்தில் பெரிய நினைவுச்சின்னம் எழுப்பாமல், கிடைத்த பொருளில் வெட்டவெளியில் கலை செய்வது எப்படி என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு பள்ளி, நாடகத்தையும் நடனத்தையும் ஊடகத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதால், நிகழ்த்துகலை சார்ந்த படைப்புகளில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஏற்றது. தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் நல்ல கல்லூரிகள் உண்டு.

தரவரிசையைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டாம். அங்குள்ள இறுதியாண்டுக் கண்காட்சியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பதினைந்து மாணவரின் வேலையும் ஒரே ஆசிரியரின் வேலையைப்போல் இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

இளநிலையில் நுண்கலை படிக்காதவர் சேரலாமா?

ஸ்டுடியோத் துறைகளில் பெரும்பாலும் பி.எஃப்.ஏ.வோ அதற்கு இணையான பட்டமோ கேட்பார்கள். கலை வரலாற்றுத் துறைகள் சில, பிற பட்டதாரிகளையும் ஏற்கின்றன. கே.ஜி. சுப்ரமணியன் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்தவர்; விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, அதன் பிறகு 1944இல் கலாபவனத்தில் சேர்ந்தார். ஆர்வம் இருக்கிறது, பட்டம் இல்லை என்றால் நேராக முதுநிலையில் நுழைய வழி தேடுவதைவிட, மீண்டும் இளநிலையில் சேர்வதே பல நேரம் சரியான முடிவு.

மாமல்லபுரத்தில் மரபுச் சிற்பம் படித்தவருக்கு இந்தப் படிப்பு ஒத்துவருமா?

மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957 முதல் இயங்குகிறது. தாளமானமும் (உருவ அளவு முறையும்) தெய்வ வடிவைச் சொல்லும் தியான சுலோகமும் அறிந்து, கல்லிலோ சுதையிலோ உலோகத்திலோ தேர்ந்த கையோடு வரும் மாணவர், நவீன சிற்பத் துறையின் முதல் அமர்வில் திகைத்துப்போவது உண்டு. அங்கே உருவம் சரியாக இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல, ஏன் இந்த உருவம் என்பதே கேள்வி. சிலர் கற்றதை மறந்துவிட்டு, எல்லாரும் செய்வதைப்போல் இரும்புக் கழிவுகளைப் பற்றவைக்கத் தொடங்குவார்கள். அது வீண். மெழுகு வார்ப்பும் நவதாள அளவும் தெரிந்த ஒருவர், அந்த அளவையே கேள்விப் பொருளாக்கினால், மற்ற எந்த மாணவரும் செய்ய முடியாததைச் செய்வார். எந்த உடல்களுக்கு உத்தம அளவு விதிக்கப்பட்டது, எந்த உடல்கள் குள்ளப் பூதங்களாகத் தூணைத் தாங்கின என்று கேட்கத் தொடங்கினால் போதும்.

சேர்க்கைக்குப் போர்ட்ஃபோலியோ (படைப்புத் தொகுப்பு) எப்படி இருக்க வேண்டும்?

பலவிதமாகச் செய்யத் தெரியும் என்று காட்டும் இருபது படங்களைவிட, ஒரே சிக்கலை விடாமல் துரத்தும் எட்டுப் படங்கள் மேலானவை. குறிப்பேடுகளைத் தவறாமல் கொண்டுபோங்கள். தேர்வாளர்கள் முதலில் புரட்டுவது அவற்றைத்தான். புகைப்படம் பார்த்து அப்படியே வரைந்த நடிகர் முகங்களை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நேர்காணலில், உங்களுக்குப் பிடித்த ஓவியர் யார் என்ற கேள்வி கட்டாயம் வரும். பெயர் சொல்வதோடு நிற்காமல், அவருடைய ஒரு படத்தை நினைவிலிருந்து விவரிக்கத் தெரிய வேண்டும்.

மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சி.யு.இ.டி. என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வும் எழுத வேண்டியிருக்கும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையை மட்டும் நம்புங்கள். சீனியர்கள் சொல்வது சென்ற ஆண்டின் விதி.

ஆங்கிலம் தடுமாறும். கோட்பாட்டை எப்படிச் சமாளிப்பது?

பலருக்கும் உள்ள அச்சம் இது, மறைக்க வேண்டியதில்லை. தேர்வையும் ஆய்வேட்டையும் தமிழில் எழுதலாமா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால், முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள். தமிழில் தெளிவில்லாத கருத்து ஆங்கிலத்தில் தெளிவாகிவிடாது. தமிழில் தெளிவாக இருந்தால் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக நண்பர் உதவியே போதும். இன்னொன்று: வாசிக்கக் கொடுக்கும் கட்டுரைகள் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் கடினமானவைதான். கருத்தரங்கில் தலையசைக்கிற எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்து ஒடுங்கிப்போக வேண்டாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசுக் கல்லூரிகளிலும் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் கல்விக் கட்டணம் குறைவு. பொருள் செலவுதான் கையைக் கடிக்கும். கேன்வாஸ், சட்டம், எண்ணெய் வண்ணம், வெண்கல வார்ப்புக் கூலி, இறுதிக் கண்காட்சிக்கு வண்டி வாடகை என்று கட்டணத்தைவிடப் பல மடங்கு ஆகிவிடும். லலித் கலா அகாதெமியும் மத்தியப் பண்பாட்டு அமைச்சகமும் இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை வழங்குகின்றன. அகாதெமியின் சென்னை மண்டல மையம் கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது. அங்கே அச்சுக்கலை, சுடுமண் கலை ஆகியவற்றுக்கான பட்டறைகளில் இடம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

வெளிநாட்டில் படிப்பது கூடுதல் பயன் தருமா?

பிரிட்டனில் எம்.ஏ. பெரும்பாலும் ஓராண்டு, எம்.எஃப்.ஏ. இரண்டாண்டு. லண்டனின் ஸ்லேட் பள்ளி 1871 முதல் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இயங்கும் கலைப் பள்ளி. அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ.வே கலைத் துறையின் உச்சப் பட்டமாகக் கொள்ளப்படுகிறது. அதை வைத்தே பேராசிரியர் ஆகலாம். இந்தியாவில் அந்த ஏற்பாடு இல்லை. ஓராண்டுப் பட்டத்துக்கு இங்கே மதிப்பு உண்டா என்ற குழப்பம் நெடுநாள் இருந்தது. பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்பது குறித்து 2022இல் இந்தியாவும் பிரிட்டனும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு அது பெரும்பாலும் தீர்ந்தது. உதவித்தொகை இல்லாமல், வீட்டை அடகுவைத்துப் போக வேண்டிய படிப்பு இது அல்ல.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?

கல்லூரி ஆசிரியர் பணிக்கு முதுநிலையில் 55 விழுக்காடும் தேசியத் தகுதித் தேர்வோ (நெட்) மாநிலத் தகுதித் தேர்வோ வேண்டும். நெட் தேர்வில் காட்சிக்கலை ஒரு பாடமாக இருக்கிறது. அதில் தேர்ச்சி பெற, ஸ்டுடியோ மாணவர்கள் புறக்கணிக்கும் கலை வரலாறுதான் கைகொடுக்கும். பள்ளி ஆசிரியர், அருங்காட்சியகப் பணி, கண்காட்சி அமைப்பு, நூல் வடிவமைப்பு, திரைப்படக் கலை இயக்கம் எனப் பல வழிகளில் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். படம் விற்று மட்டும் வாழ்பவர்கள் எப்போதும் சிறுபான்மை.

இது புதிய சிக்கல் அல்ல. 1960களில் சென்னைக் கலைஞர்கள் ஓவியத்தை விற்க முடியாமல், பாட்டிக் துணிகளும் (மெழுகிட்டுச் சாயம் தோய்த்தவை) கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பகலில் பாட்டிக், மற்ற நேரத்தில் ஓவியம் என்ற அந்த ஏற்பாட்டை இரண்டாம் தரமாக அவர்கள் கருதவில்லை.

முடித்த முதல் ஆண்டில் என்ன செய்யலாம்?

கல்லூரி ஸ்டுடியோவின் சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு பலருடைய வேலை நின்றுபோவது இடமில்லாததால்தான். ஆகவே நான்கு பேர் சேர்ந்து ஒரு கூடத்தை வாடகைக்கு எடுப்பதை இறுதிப் பருவத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். கொச்சி–முசிறிஸ் கலைத் திருவிழாவையொட்டி நடக்கும் மாணவர் கண்காட்சியான ‘ஸ்டூடண்ட்ஸ் பியனாலே’ ஈராண்டுக்கு ஒருமுறை நடப்பது. அதற்குப் படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். தில்லியின் கோஜ் அமைப்பு, படித்து முடித்த இளம் கலைஞர்களுக்கென்றே ‘பியர்ஸ்’ என்ற உறைவிடப் பயிற்சியை நடத்திவந்திருக்கிறது. இத்தகைய விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் படைப்புகளின் நல்ல புகைப்படங்களும் ஒரு பக்கக் கலைஞர் குறிப்பும் தேவைப்படும். இறுதிக் கண்காட்சியைக் கழற்றுவதற்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், அளவும் ஊடகமும் ஆண்டும் குறித்துக்கொண்டு ஒவ்வொரு வேலையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.